பாட்டுக் கேள்வி, வாத்தியார் பதில்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. சர்ச் கொயரில் பாடுகிறான், குரல் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். போன இதழில் நீங்கள், நாடகத்தையே பாட்டாகப் பாடும் ஓபராவில் பெயர்பெற்ற பவரொட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதினீர்கள். அன்றிலிருந்து, ‘ஓபராதான் படிப்பேன், வேலைக்குப் போகமாட்டேன்’ என்கிறான். அந்த மனிதர் எப்படித்தான் பாடக் கற்றுக்கொண்டார்?
ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: என்னால் வந்த வினை. மன்னியுங்கள் அம்மா. முதலில் பையனிடம் ஒன்று சொல்லுங்கள்: பவரொட்டி வேலைக்குப் போனார்.

இத்தாலியில் மோதெனா என்கிற ஊரில் 1935-இல் பிறந்தவர். அப்பா ரொட்டி சுடுகிறவர், அம்மாவுக்குச் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை. அப்பாவுக்கும் அருமையான டெனர் குரல், அதாவது ஆண்குரலில் மேல் ஸ்தாயி. ஆனால் மேடை என்றால் உதறல். அதனால் அவர் பாட்டு சர்ச்சோடும் ஊர் கொயரோடும் நின்றுவிட்டது. மகனுக்குக் கால்பந்தில் கோல்கீப்பர் ஆக ஆசை. அம்மா பார்த்தார், வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்துவிட்டார்.

19 வயதில், 1954-இல், அதே ஊர்க்காரரான அர்ரிகோ போலா என்ற பாடகரிடம் போய்ச் சேர்ந்தார். போலா காசு வாங்கவில்லை. பாட்டும் சொல்லித்தரவில்லை! மாதக்கணக்கில் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ மட்டும்தான். அகார சாதகம் என்று நம் பாட்டு வாத்தியார்கள் உயிரை எடுப்பார்களே, ஏறக்குறைய அதேதான். இது வெறும் பிடிவாதம் இல்லை. ஆண்குரல் கீழிருந்து ஏறும்போது ஓரிடத்தில் தடுக்கும். இத்தாலியர்கள் அந்த இடத்தைப் பஸ்ஸாஜ்ஜோ என்பார்கள், கடக்கிற இடம் என்று அர்த்தம். அங்கே அழுத்திப் பாடினால் கத்தலாகிவிடும், விட்டுக்கொடுத்தால் பொய்க்குரலாகிவிடும். திறந்த ‘ஆ’வைக் கொஞ்சம் ‘ஓ’ பக்கம் உருட்டி, மூச்சைத் தளரவிடாமல் தாண்ட வேண்டும். கேட்கிறவருக்கு அது ‘ஆ’ என்றே கேட்க வேண்டும், தையல் தெரியக்கூடாது. உங்கள் மகனை ஒரே ‘ஆ’வில் கீழிருந்து மேலே ஏறச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த வருடம் அப்பாவும் மகனும் பாடிய ஊர் கொயர் வேல்ஸில் லாங்கோலன் என்ற ஊரில் நடந்த போட்டிக்குப் போய் முதல் பரிசு வாங்கி வந்தது. பையனுக்கு ஆசை உறுதியானது அங்கேதான். வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 30 வயது வரை சோறும் தங்க இடமும் இலவசம். அதற்குள் பாட்டில் தேறாவிட்டால் வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், இந்த ஒப்பந்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கைச்செலவுக்கு இரண்டு வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை. அப்புறம் இன்ஷூரன்ஸ் விற்றார். ஆள் பிடிக்கப் பேசிப் பேசியே தொண்டை கெட்டதால் அதை விட்டார். போலா ஜப்பானுக்குப் போய்விட, மாந்துவாவில் எத்தோரே கம்போகல்லியானியிடம் பாடம் தொடர்ந்தது. அங்கே கூடப் படித்தவர் மிரெல்லா ஃப்ரெனி என்ற பாடகி. இருவரின் அம்மாக்களும் ஒரே சுருட்டுத் தொழிற்சாலை. குழந்தைகள் இருவருக்கும் பாலூட்டியது ஒரே செவிலித்தாய்.

ஆறு வருடம் ஆகியும் சிறு ஊர்களில் காசில்லாத கச்சேரிகள்தான். போதாக்குறைக்குக் குரல்நாணில் சின்ன முடிச்சு வேறு வந்தது. ஃபெராரா ஊரில் கச்சேரி படுதோல்வி. இனிப் பாடுவதில்லை என்று முடிவே எடுத்துவிட்டார். அந்த முடிவை எடுத்த பிறகுதான் குரல் திரும்பியது. மனப் பாரம் இறங்கியதுதான் காரணம் என்று அவரே பின்னால் சொன்னார்.

1961-இல் ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஒரு போட்டியில் வென்றார். பணமா கொடுத்தார்கள்? மேடை கொடுத்தார்கள். ஏப்ரல் 29 அன்று ‘லா போயெம்’ ஓபராவில் ரொடோல்ஃபோ என்ற ஏழைக் கவிஞனாகப் பாடினார். வயது 25. அதே நாடகத்தில் கொல்லீனே பாத்திரத்தைப் பாடிய இளைஞர் எழுத்தாளர் நபகோவின் மகன். அவருக்கும் அதுதான் முதல் மேடை.

அப்போதும் பெரிய ஓபரா அரங்குகள் கதவைத் திறந்துவிடவில்லை. 1963-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அவரை எடுத்தது பதிலாளாகத்தான். முக்கியப் பாடகர் ஜுசெப்பே தி ஸ்தெஃபானோ வராமல் போனதால் வாய்ப்பு வந்தது. 1965-இல் ஜோன் சதர்லாண்ட் என்ற ஓபரா பாடகியுடன் ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றினார். மேடையில் பெயர் எடுத்த பிறகும், அந்த அம்மாள் பாடும்போது விலா எலும்பில் கைவைத்துப் பார்த்து, மூச்சை எப்படித் தாங்குகிறார் என்று கற்றுக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம். அதே வருடம் மிலானின் லா ஸ்காலா அரங்கில் காரயான் இசைக்குழுவை நடத்திய ‘லா போயெம்’மில் ரொடோல்ஃபோவாக அவரும், காதலி மிமியாக ஃப்ரெனியும் பாடினார்கள்.

உங்கள் மகனுக்கு: தொண்டையைத் தின்னாத வேலையாகப் பார்க்கட்டும். இத்தாலிய மொழியை இன்றே தொடங்கட்டும், ஜெர்மனும் பிரெஞ்சும் பின்னால் வந்தே தீரும்.

கேள்வி: ஓபராவில் மைக் இல்லாமல் இத்தனை வயலின்களைத் தாண்டி ஒரு மனுஷன் குரல் எப்படிக் கேட்கும்? ரீல்தானே?
வாசகர், கரூர்

பதில்: ரீல் இல்லை. ஆர்கெஸ்ட்ராவின், அதாவது வாத்தியக் குழுவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) பக்கத்தில் குவிந்திருக்கும், மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண்குரல் சுமார் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஒரு கூர்மை சேர்த்துக்கொள்கிறது. நம் காதும் அங்கேதான் நன்றாக வேலை செய்கிறது. சந்தை இரைச்சலில் எல்லோரையும்விடக் கத்தினால் பயனில்லை. இரைச்சல் இல்லாத சுருதியில் கூவுகிறவன்தான் பூ விற்கிறான்.

கேள்வி: நம் பக்கத்து ஆட்கள் யாராவது ஓபரா பாடுகிறார்களா?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: ஷான் பனிக்கர் இருக்கிறாரே. இலங்கை வம்சாவளி அமெரிக்க டெனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குரலிசை படித்து, பிறகு சான்பிரான்சிஸ்கோ ஓபராவின் இளம் கலைஞர் பயிற்சியில் இருந்தார். இப்போதெல்லாம் பெரும்பாலும் இந்த வழிதான்: கல்லூரி, ஓபரா அரங்கில் ஓரிரு வருடம் சம்பளத்தோடு பயிற்சி, சின்ன வேடங்கள். 2018-இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘சத்யாக்ரஹா’ ஓபராவில் காந்தியாகப் பாடினார். பாட்டு முழுக்க சமஸ்கிருதம், கீதையின் வரிகள்.

கேள்வி: வாத்தியாரே, இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் பாடுவீர்களா?
வாசகர், சேலம்

பதில்: நான் பாடினால் வீட்டில் மிக்ஸியைப் போட்டுவிடுவார்கள். ஆனால் பவரொட்டிக்குக் குரல்நாணில் வந்த அந்த முடிச்சு எனக்கும் வந்திருக்கிறது. அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் கத்திக் கத்திக் கணக்கு நடத்தியதற்குக் கிடைத்த பரிசு. மூன்று வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். லீவு கிடைக்கவில்லை. கரும்பலகையில் எழுதியும் கைஜாடை காட்டியும் பாடம் நடத்தினேன். அந்த மூன்று வாரம் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஹெட்மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “சார், குரல் வந்த பிறகும் இப்படியே நடத்துங்களேன்” என்றார்.