கொரியாவில் பௌத்தத்தை ஏற்ற முதல் மன்னர்

கேள்வி: கொரிய வரலாற்றுத் தொடர்களில் புத்த விகாரைகளைக் காண்கிறோம்; அங்கு பௌத்தத்தை முதலில் ஏற்ற மன்னர் யார்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பண்டைக் கொரியாவின் மூன்று அரசுகளுள் ஒன்றான கோகுர்யோ நாட்டின் சொசுரிம் மன்னர். கி.பி. 372இல் வட சீன அரசொன்று அனுப்பிய சுந்தோ என்னும் துறவியையும், அவர் கொணர்ந்த சிலைகளையும் சூத்திரங்களையும் வரவேற்ற இம்மன்னர், அதே ஆண்டில் தேஹாக் என்னும் உயர்கல்விக்கூடத்தை நிறுவி, மறு ஆண்டு சட்டத் தொகுப்பையும் வெளியிட்டார். துறவி வந்ததற்கு முந்தைய ஆண்டுதான் (371) மன்னருடைய தந்தை, மற்றோர் அரசான பெக்சேயின் படையுடன் போரிட்டு மாண்டிருந்தார். ஆகவே, நிலைகுலைந்த நாட்டை ஒன்றுசேர்க்கும் நோக்கமும் இம்முடிவில் இருந்தது என்றே கருதுகிறேன். பெக்சே 384இல் பௌத்தத்தை ஏற்றது. மூன்றாவது அரசான சில்லாவிலோ பிரபுக்கள் கடுமையாக எதிர்த்தனர். பௌத்தத்துக்காக உயிர்கொடுத்த இச்சாதோன் என்னும் அதிகாரியின் கழுத்திலிருந்து பால்நிறக் குருதி பீறிட்டதாகவும், அதன்பின் எதிர்ப்பு அடங்கியதாகவும் அந்நாட்டு மரபு உருக்கமாகக் கூறுகிறது.