‘பிளெதோரா’ வேண்டாம், தம்பி

கேளுங்கள், சொல்கிறேன் – வாசகர் பகுதி

ஆங்கிலத்தில் வேலை விண்ணப்பம் எழுதுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களை எப்படிச் சேர்ப்பது? கொழும்பு, புதுக்கடை நீதிமன்றத்தடியில் காணி உறுதிகளையும் சத்தியக்கடதாசிகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றிப் பிழைத்தவள் நான். ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

எனக்கு 24 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்தப் புடைவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தமிழ் மொழிமூலம் படித்தவன். கைத்தொலைபேசியில் ஒரு செயலி நாளுக்குப் பத்து ஆங்கிலச் சொல் தருகிறது, விடாமல் பாடமாக்குகிறேன். போன மாதம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, கணக்கு வேலையில் எனக்கு ‘பிளெதோரா ஒஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ இருப்பதாக எழுதினேன். நேர்முகத்தில் இருந்தவர் அதை உரத்து வாசித்துவிட்டுச் சிரித்தார். என்ன பிழை, அக்கா? உயர்ந்த ஆங்கிலச் சொற்களை எப்படித்தான் படிப்பது? – வாசகர், கொட்டாஞ்சேனை

சிரித்தவருக்கு நாகரிகம் போதாது. அது ஒருபக்கம் இருக்கட்டும். ‘பிளெதோரா’ என்பது ஒரு காலத்தில் உடம்பில் இரத்தம் மிதமிஞ்சிப் போவதற்கு வைத்தியர்கள் வைத்திருந்த பெயர். இன்றைக்கும் அதில் ‘தேவைக்கு மேலே கிடக்கிறது’ என்ற வாடை இருக்கிறது. குறைபாடுகள், விதிமுறைகள், விளம்பரங்கள் போன்றவற்றோடுதான் அது அதிகம் சேரும். உங்கள் செயலி ‘ஏராளம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது. இத்தனை வருடமாக மொத்தப் புடைவைக் கடையில் கணக்குப் பார்க்கிறேன், கடன் கொடுக்கல் வாங்கல் முழுவதும் என் பொறுப்பு என்று சாதாரண ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்த மனிதர் சிரித்திருக்கமாட்டார். அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், உங்கள் தொழிலே அதுதானே. மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953 இல் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் பெரும்பகுதி இந்தச் சொற்களாகவே இருக்கும். அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டில் அதற்கு மேலே 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். பல்கலைக்கழகப் பாடநூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இந்த 570க்குள் இருந்து வருகிறது. குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதன் பிள்ளைகளும்: ‘எஸ்டாப்ளிஷ்’, ‘எஸ்டாப்ளிஷ்ட்’, ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ எல்லாம் ஒரே குடும்பம். நாவலையும் செய்தித்தாளையும் ஒருவர் துணையில்லாமல் வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷன் என்ற மொழியறிஞரின் 2006 ஆம் ஆண்டுக் கணக்கு. நாளுக்குப் பத்து என்றால் இரண்டரை வருடத்தில் வேலை முடிய வேண்டும். ஒருவருக்காவது முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

முடியாததற்குக் காரணம் ஞாபகசக்தி மட்டும் இல்லை. நீங்கள் தேடுகிற சொற்களில் அரைவாசி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பாதி தெரிந்தபடி. என் கண்ணில் உயர்ந்த சொல்வளம் என்பது அந்தப் பாதியை முழுமையாக்குவதுதான். ‘இஷ்யூ’வை எடுங்கள். அந்த 570இலும் அது இருக்கிறது. பிரச்சினை என்ற பொருளில் நாளுக்குப் பத்துத் தரம் சொல்கிறோம், தமிழ் பேசும்போதுகூட. வங்கி காசோலைப் புத்தகத்தை ‘இஷ்யூ’ பண்ணுகிறது. இந்தச் சஞ்சிகையின் மாத இதழும் ஒரு ‘இஷ்யூ’. ஒருவர் சொன்னதை ஏற்க முடியாது என்று மறுத்தால் ‘ரேக் இஷ்யூ வித்’. புதுக்கடையில் சிவில் வழக்கு விசாரணை தொடங்கும்போது எதை எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்கிற எழுவினாக்களும் ‘இஷ்யூஸ்’. பழைய உறுதி ஒன்றில் காணிக்காரர் ‘வித்தவுட் இஷ்யூ’ செத்துப்போனார் என்று இருந்தால், மனிதர் பிரச்சினை ஒன்றும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அங்கேதான் சொந்தக்காரர்களின் பிரச்சினை ஆரம்பம்! இத்தனையும் ஒரே சொல். செயலி இதை உங்களுக்கு ஒருநாளும் தராது, ஏனென்றால் இது உங்களுக்குத் தெரியும் என்று அது நினைக்கிறது.

அடுத்தது, எந்தச் சொல் எதோடு சேரும் என்பது. தமிழில் பலத்த மழை என்கிறோம், கடும் மழை என்கிறோம். பாரமான மழை என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலக்காரர் அதையே ‘ஹெவி ரெயின்’ என்கிறார். ஆனால் சாயம் கூடின தேத்தண்ணி அவருக்கு ‘ஹெவி’ இல்லை, ‘ஸ்ட்ரோங் டீ’. ஏன் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. இதற்கு விதி கிடையாது, பார்த்துப் பழகுவதுதான். அதனால்தான் தனிச்சொல் பட்டியல் வேண்டாம் என்கிறேன்.

பட்டியலுக்குப் பதில் ஒரு கொப்பி வாங்குங்கள், எண்பது பக்கக் கொப்பி போதும். பஸ்ஸில் இருந்தோ, சாப்பாட்டு நேரத்திலோ ஏதாவது வாசிக்கும்போது ஒரு சொல் உங்களை மறித்தால், அந்த வசனத்தை முழுதாக எழுதுங்கள். எங்கே வந்தது என்றும் பக்கத்தில் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் அதே வசனத்தை அந்தச் சொல்லின் இடத்தில் கோடு போட்டு எழுதுங்கள். மறுநாள் அந்தக் கோட்டை நிரப்புங்கள், பிறகு ஒரு வாரம் விட்டு, பிறகு ஒரு மாதம் விட்டு. எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885 இல் எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்த்தால் தங்கும் என்பது அப்போதிருந்தே தெரிந்த விடயம். கொப்பி பிடிக்காவிட்டால் ‘அன்கி’ போன்ற செயலி அந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதில் வரும் கேள்வி-பதில் அட்டைகளை மட்டும் நீங்களே எழுதுங்கள், மற்றவன் செய்த அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ள வேண்டாம்.

வாரத்துக்கு ஐந்தாறு வசனம் போதும். ஒவ்வொரு சொல்லையும் வைத்து உங்கள் கடையைப் பற்றி ஒரு வசனம் எழுதுங்கள்: வராத காசு, திருப்பி அனுப்பிய துணிக்கட்டு, கொள்கலன் வந்து இறங்காத நாள். லத்தீன் வேர்ச்சொற்கள் படிப்பதும் உதவும், ஆனால் அது பிறகு.

என் மகன் 9ஆம் தரம், ஆங்கில மொழிமூலம் படிக்கிறான். நாளுக்கு ஒரு பக்கம் அகராதி பாடமாக்கச் சொல்லி அவனுடைய அப்பா பிடிவாதமாக நிற்கிறார். வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். – வாசகி, வெள்ளவத்தை

தீர்ப்பு மகனுக்குச் சாதகம். அகராதி அகர வரிசையில் இருப்பது தேடுவதற்கு, படிப்பதற்கு அல்ல. அடுத்தடுத்து ஒரே மாதிரி இருக்கிற சொற்களைச் சேர்த்துப் பாடமாக்கினால் ஒன்றோடொன்று குழம்பும்.

அப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கற்பவர்களுக்கென்று செய்த ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்றை வாங்கட்டும். ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயர் யப்பானில் ஆங்கிலம் படிப்பித்த அனுபவத்தில் தொகுத்து 1942 இல் டோக்கியோவில் வெளிவந்ததுதான் இன்றைய ஒக்ஸ்போர்ட் கற்போர் அகராதிக்கு மூலம். 1978 இல் வந்த லோங்மன் அகராதி எல்லாச் சொல்லையும் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்குகிறது. ஆங்கில–தமிழ் அகராதி வீட்டில் இருக்கட்டும், இரண்டாவதாகப் பார்க்க.

பையனுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா? அப்படியென்றால் ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கங்களைக் கொடுத்துவிடுங்கள். ஆறு விக்கெட் சட்டென்று விழுந்ததை எழுதுகிறவர்கள் ‘கொலாப்ஸ்’, ‘ரெசிலியன்ட்’, ‘பெலிஜரன்ட்’ என்று என்னென்னவோ போடுவார்கள். போட்டியைப் பார்த்தவனுக்கு அகராதியே தேவைப்படாது.

நான் தாதியாக வேலை செய்கிறேன். வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், 7 புள்ளி தேவை. வகுப்பில் மரபுத்தொடர்கள் நிறைந்த ஒரு பட்டியல் தந்து, ஒவ்வொரு கட்டுரையிலும் குறைந்தது ஐந்து போடச் சொல்கிறார்கள். மழை பெய்தால் பூனையும் நாயும் கொட்டுகிறது என்று எழுத வேண்டுமாம். – வாசகி, தெஹிவளை

தங்கச்சி, அந்தப் பூனையையும் நாயையும் வகுப்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எழுத்திலும் பேச்சிலும் கிடைக்கிற புள்ளி, நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது, அதில் சொல்வளம் ஒன்று. அதாவது கால்வாசிதான். 7ஆம் நிலைக்கு அவர்கள் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் விவரத்தில் அவ்வளவு வழக்கமில்லாத சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது, உண்மைதான். அதனோடேயே நடையையும் எந்தச் சொல் எதோடு சேரும் என்பதையும் ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. வகுப்பில் முதல் பாதியை மட்டும் வாசித்திருக்கிறார்கள் போல.

நடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் செத்துப்போனார், இறந்தார், காலமானார், சிவபதமடைந்தார் என்று நான்கு விதமாகச் சொல்கிறோம். வார்டில் எதைச் சொல்வது, மரண அறிவித்தலில் எதைப் போடுவது என்று பிறந்ததிலிருந்து தெரியும். ஆங்கிலத்தில் ‘டை’, ‘பாஸ் அவே’, ‘டிமைஸ்’ மூன்றுக்கும் அப்படியே தனித்தனி இடம். நோயாளியின் மகளிடம் போய் ‘டிமைஸ்’ என்றால் சட்டத்தரணியின் கடிதம் வாசித்த மாதிரி இருக்கும்.

மரபுத்தொடரை விட்டுவிட்டு, விடயம் விடயமாகச் சொல் சேருங்கள். பொதுப் போக்குவரத்து என்று தலைப்பு வந்தால் நெரிசலுக்கு ‘கன்ஜெஸ்சன்’, தினசரிப் பயணத்துக்கு ‘கொமியூட்’, கட்டணத்துக்கு ‘ஃபெயார்’, நம்பி ஏறலாம் என்பதற்கு ‘ரிலயபிள்’. காலி வீதியில் நாளாந்தம் படுகிற பாட்டை எழுத இவை போதும், கட்டுரைக்குக் கேட்கிற 250 சொல் தானாக வரும். காதுக்கு பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி கேளுங்கள். ஒவ்வொன்றிலும் சில சொற்களை விளக்குவார்கள், வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்க அளவான நீளம்.

வங்கியில் வேலை. புதிதாக இலண்டனிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், நாங்கள் பேசுவது ஆங்கிலமே இல்லை என்கிற மாதிரி நடந்துகொள்கிறார். ‘ஷோர்ட் ஈட்ஸ்’, ‘அவுட்ஸ்டேஷன்’ எல்லாம் விட்டுவிட வேண்டுமா? – வாசகர், பம்பலப்பிட்டி

எதற்கு விட வேண்டும்? ரோல்ஸும் பற்றிஸும் கட்லட்டும் ஒரே தட்டில் வருவதற்கு ‘ஷோர்ட் ஈட்ஸ்’ஐ விடப் பொருத்தமான சொல் இலண்டனில் இருந்தால் அவர் சொல்லட்டும். இலங்கை ஆங்கிலத்துக்கென்று தனி அகராதியே 2007 இல் வந்திருக்கிறது.

ஆனால் ஒரு சொல் எதுவரை செல்லும் என்று தெரிந்திருப்பதும் சொல்வளம்தான். நமக்கு ‘பூட்டிக்’ என்றால் சந்தியில் பாணும் சீனியும் விற்கிற சின்னக் கடை. அவருக்கு அது விலை கூடிய உடுப்புக் கடை. வாடிக்கையாளர் ஒருவர் ‘பூட்டிக்’ நடத்தக் கடன் கேட்கிறார் என்று தலைமையகத்துக்கு எழுதினால் அங்கே வேறு படம் ஓடும். ‘காடர்’ இன்னொன்று. நம் கந்தோர்களில் அது ஆளணி, எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்ற கணக்கு. வெளியே அது பயிற்சி பெற்ற ஒரு சிறு குழு, பல இடங்களில் அரசியல் கட்சிக்காரர்கள். வெளியூருக்கு நாம் சொல்கிற ‘அவுட்ஸ்டேஷன்’ என்பதை இந்தியர் விளங்கிக்கொள்வார், ஆங்கிலேயருக்கு ‘அவுட் ஒஃப் டவுன்’ என்று எழுதினால் நல்லது. ‘பைஹார்ட் பண்ணு’ என்று நாம் வினையாக்கியதை எழுத்தில் ‘லேர்ன் பை ஹார்ட்’ என்று ஆக்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும் கடிதத்தில் இவற்றை மாற்றுங்கள், தேத்தண்ணி நேரத்தில் மாற்ற வேண்டாம். அந்த அதிகாரிக்கும் ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

நல்ல ஆங்கிலப் புத்தகங்களின் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. கொழும்பில் மலிவாக எங்கே வாங்கலாம்? – வாசகி, மட்டக்குளி

மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. சொன்ன விலைக்கு வாங்காதீர்கள். நடுவிலும் கடைசியிலும் பக்கங்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள், துப்பறியும் கதையென்றால் கட்டாயம். வாங்கவே வேண்டாம் என்றால் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம் இருக்கிறது, அங்கத்துவம் எடுத்துக்கொள்ளலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போவதாக இருந்தால் கிழமை நாளில் காலையிலேயே போங்கள். சனி ஞாயிறு என்றால் புத்தகத்தைவிட முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.