வேட்டைத் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்கினால் குறி கெடுமா?

24 அங்குலக் குழலை 20 ஆக்கி, வீட்டிலேயே கருநீல மெருகும் போடலாமா, குறி கெடுமா என்பது கேள்வி. நீளம் குறைவதால் மட்டும் குறி கெடாது. குட்டைக் குழல் விறைப்பாக நிற்கும், அதிர்வு குறைவு. ஆனால் குண்டின் வேகம் குறையும்: வழக்கமான வேட்டை ரகங்களில் வெட்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நொடிக்குச் சுமார் 20 முதல் 40 அடி. வெடிச்சத்தமும் குழல்வாயில் தெறிக்கும் தீயும் கூடும்.

குறியைக் கெடுப்பது பெரும்பாலும் குழல்வாயின் விளிம்புதான். குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பிரிய வேண்டும். விளிம்பு சற்றுச் சாய்ந்திருந்தாலோ, உள்வரி (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம்) ஒன்றின் முனையில் நகத்தில் தட்டுப்படும் அளவு பிசிர் இருந்தாலோ, வாயு ஒரு பக்கமாக முந்திப் பீறிட்டுக் குண்டின் அடியைத் தள்ளிவிடும். அப்புறம் என்ன குறி பார்த்தும் பயனில்லை. துளை எப்போதும் குழலின் நட்டநடுவில் இருப்பதில்லை. அதனால் வெளிப்பக்கத்தை வைத்து அளக்காமல், துளையை மையமாக வைத்து லேத்தில் கடைய வேண்டும். ரம்பமும் அரமும் இதற்குப் போதாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமே கொடுங்கள்.

சட்டத்தையும் முதலில் பாருங்கள். அமெரிக்காவில் ரைபிள் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் கூட்டாட்சிச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். பல நாடுகளில் வெட்டுவதற்கே அனுமதி தேவை.

மெருகு விஷயம் எளிது. அந்தக் கருநீலப் பூச்சு எஃகின் மேல் உருவாகும் மெல்லிய இரும்பு ஆக்சைடு. அது தனியாகத் துருவைத் தடுக்காது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எண்ணெய் பூசுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.