பென்டிரைவில் இருந்தது ஒரு கேபி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு யூனிட் நடத்துகிறோம். கணக்கு முழுவதும் ஒரே கணினியில், டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. கணக்கு எழுதும் தம்பி தினமும் மாலையில் பென்டிரைவில் பேக்கப் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சென்ற மாதம் கணினியின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பென்டிரைவை வேறொரு கணினியில் போட்டால், எங்கள் கம்பெனி பெயரில் ஓர் ஐகான் மட்டும் இருக்கிறது, அளவு 1 கேபி என்று காட்டுகிறது, திறக்கவில்லை. எங்கே தவறினோம்? இனி எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்த 1 கேபி என்ற அளவே விடையைச் சொல்லிவிடுகிறது. ஐகானின் இடது மூலையில் வளைந்த சிறிய அம்புக்குறியும் இருக்கும், பாருங்கள். அது ஷார்ட்கட், கணக்கு இருக்கும் ஃபோல்டருக்கு வழிகாட்டும் பலகையே தவிர, கணக்கு அல்ல. தம்பி டெஸ்க்டாப்பில் கண்ணுக்குத் தெரிந்ததை ஒருநாள் தவறாமல் நகலெடுத்திருக்கிறார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அந்தப் பென்டிரைவை ஒருமுறையாவது வேறு கணினியில் திறந்து பார்க்கும் பொறுப்பு முதலாளிக்கு உரியது.

முதலில், இழந்ததில் எவ்வளவு மீளும் என்று பார்ப்போம். பழுதான ஹார்டு டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறதென்றால் மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்தும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அடுத்து உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காக நீங்கள் கொடுத்த டாலி டேட்டா பெரும்பாலும் அவர் அலுவலகக் கணினியில் அப்படியே இருக்கும். அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு, தாக்கல் செய்த விற்பனை விவரங்களை ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலிருந்தும், கொள்முதல் விவரங்களை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையிலிருந்தும், வரவுசெலவை வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்தும் திரும்ப ஏற்றலாம். ஆனால் ரொக்கச் செலவு, பீஸ் ரேட் கூலி, ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், பார்ட்டிகளிடம் இருக்கும் துணியின் எண்ணிக்கை ஆகியவை எந்தத் தளத்திலும் கிடைக்கா. துண்டுச்சீட்டுகள், டெலிவரி சலான் புத்தகங்கள் எதையும் இப்போது கிழித்துவிட வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது இது. ஃபோல்டரைத் தேடி நகலெடுப்பதை விட்டுவிட்டு, டாலி பிரைமிலேயே ஆல்ட் விசையுடன் ஒய் அழுத்தி, டேட்டா என்ற பகுதியில் உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள்; அப்போது மற்ற கணினிகளில் யாரும் அந்தக் கம்பெனியைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. நகல் எத்தனை என்பதற்குப் பல காலமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: மொத்தம் மூன்று பிரதிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். உங்கள் அளவுக்கு, இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றை ஒற்றைப்படைத் தேதிக்கும் மற்றதை இரட்டைப்படைத் தேதிக்கும் வைத்துக்கொண்டு, அன்றைய டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோனால் போதுமானது. மூன்றாவதாகக் கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வாரம் ஒருமுறை ஏற்றலாம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் சிறு யூனிட்டின் டாலி கணக்குக்கு ஏராளம். கணினியுடன் தானாக ஒத்திசையும்படி அமைத்த ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அழிந்தது குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

நகலெடுத்து முடித்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம்பறிக்கும் வைரஸ் உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். அந்த இனத்து வைரஸ்கள், செருகியபடியே விட்ட டிஸ்க்கில் உள்ள பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். இன்னொரு டிஸ்க் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கலுக்குள் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் பேக்கப் டிஸ்க் பத்திரமாகத்தான் இருந்தது, கணினி இருந்த அதே மேசையின் கீழ் இழுப்பறையில்.

மிக முக்கியமானதை இங்கே சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாள், வேறொரு கணினியில் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் அந்தப் பேக்கப்பை ரீஸ்டோர் செய்யுங்கள், அதாவது அதிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். உண்மையான கணக்கு இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே செய்தால் பழைய கணக்கு புதியதன்மேல் ஏறிவிடும். எச்சரிக்கைச் செய்தியைப் படிக்காமல் ‘எஸ்’ அழுத்திப் பத்து நாள் பதிவுகளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். ரீஸ்டோர் ஆனதும் கடைசி பில் எண், கைரொக்க இருப்பு, வர வேண்டிய பாக்கியின் மொத்தம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஒரு நோட்டில் தேதியுடன் எழுதிக் கையெழுத்திடுங்கள். தம்பி நகலெடுக்கட்டும், ஒப்பிடுவது நீங்களாக இருங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு விவர அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். 2023–24 நிதியாண்டின் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும் என்று பொருள். வழக்கு நடந்தால் இன்னும் நீளலாம். எனவே ஒவ்வொரு மார்ச் முடிவுக்கும் தனி நகல் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அதைப் பென்டிரைவில் மட்டும் வைக்காதீர்கள். மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பென்டிரைவ், உள்ளே இருப்பதை மறந்துவிடக்கூடியது.

கேள்வி: திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். லேசர் பிரிண்டரில் பில் அடிக்கும்போதெல்லாம் யுபிஎஸ் கத்துகிறது; சில நேரம் கணினியும் அணைந்துவிடுகிறது. யுபிஎஸ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. புதிது வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பிரிண்டரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். லேசர் பிரிண்டருக்குள் மைத்தூளைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை, சூடேறும் ஒவ்வொரு முறையும் இழுக்கும் மின்சாரத்தை 600 விஏ அளவுள்ள சிறிய யுபிஎஸ் தாங்காது. கணினி, மானிட்டர், மோடம் ஆகிய மூன்றுக்கு மட்டும் யுபிஎஸ் போதும்.

மீதிப் பாதி பேட்டரி. உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி நம் ஊர் வெயிலில் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் உழைக்கும். உங்களுடையது அந்த வயதை எட்டிவிட்டதால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. புதிய பேட்டரி போட்ட அன்று, கணினியைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யுபிஎஸ்ஸில் மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் எரிகிறது என்று பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பல்பு, அதே சோதனை. நேரம் பாதியாகக் குறைந்தால் கடைக்காரரிடம் கேட்காமலே பேட்டரியை மாற்றிவிடலாம்.

கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியானால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீசியனை அழைத்துப் பாருங்கள். உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கும் ஊற்ற வேண்டும். செடிக்கு ஊற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஹோட்டலுக்குப் பொருள் வாங்கிய பில்களை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆடிட்டர் கேட்டபோது எடுத்தால் பாதி வெறும் வெள்ளைத் தாள். என்ன காரணம்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அவை தெர்மல் தாளில் அடித்த பில்கள். மை கிடையாது, சூட்டில் கருக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெப்பமும் வெளிச்சமும் மட்டுமல்ல, சிலவகை பிளாஸ்டிக் கவர்களும் அதை மங்கச் செய்யும். நீங்கள் காப்பாற்ற நினைத்த கவரே காரணமாக இருக்கலாம். வாங்கிய அன்றே கைபேசியில் படமெடுத்து மாதவாரி ஃபோல்டரில் சேருங்கள், அல்லது ஜெராக்ஸ் எடுத்து மூலத்துடன் பின் செய்யுங்கள். வெளுத்தவற்றுக்கு, விற்றவரிடம் நகல் பில் கேட்பதே நேர்வழி.

கேள்வி: அச்சகத்தில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினையும் இரண்டு கணினிகளையும் காயலான் கடைக்குப் போடப் போகிறோம். கணினிகளை ஃபார்மட் செய்துவிட்டோம். போதுமா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: போதாது. சாதாரண ஃபார்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும், அவற்றை எடுக்கும் மென்பொருள்களும் கிடைக்கின்றன. ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துளையிட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனும் பிரிண்டும் செய்யும் டிஜிட்டல் வகை என்றால், அதற்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கக்கூடும். வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆதார் நகல் முதல் பத்திரம் வரை அதில் தங்கியிருக்கலாம். சர்வீஸ் செய்பவரை அழைத்துக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச்சேர வேண்டியவை. எடைக்குப் போடுவதைவிட சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், அவர் தரும் ரசீதை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.