காக்பிட் திரையில் பக்கத்து விமானம்: கேள்வி பதில்

பயணி ஒருவர்: அருகில் வேறு விமானம் வருவது விமானிக்கு எப்படித் தெரியும் சார்?

விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் டிகாஸ் என்ற கருவி காட்டிக்கொடுக்கும். நம் விமானம் 1030 மெகாஹெர்ட்ஸில் "யார் அங்கே?" என்று கேட்கும், அக்கம்பக்கத்து விமானங்களின் ட்ரான்ஸ்பாண்டர்கள், அதாவது தானாகவே பதில் அனுப்பும் ரேடியோ கருவிகள், 1090-இல் பதில் சொல்லும். பதில் வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். உயரம் பதிலுக்குள்ளேயே இருக்கும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் இது கட்டாயமானது.

பயிற்சி விமானி: டிகாஸ் திரையில் மஞ்சள் வட்டம், பக்கத்தில் −04, மேல்நோக்கிய அம்பு. இதை எப்படிப் படிப்பது?

உங்களுக்கு 400 அடி கீழே இருக்கிறது, நிமிடத்துக்கு 500 அடியாவது ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மட்டமாகப் பறந்தால் உங்கள் உயரத்தை எட்ட அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரலும் வரும். உடனே வெளியே தேடுங்கள் தம்பி. திரையை நம்பி விமானத்தைத் திருப்பாதீர்கள்.

ஏவியானிக்ஸ் மாணவி: ஏன் சார், திசையும்தான் திரையில் தெரிகிறதே?

தெரிகிறது, ஆனால் ஆன்டெனா கணிக்கும் திசை அவ்வளவு துல்லியம் இல்லை. அதனால்தான் மோதல் ஆபத்தைக் காட்டும் சிவப்புச் சதுரம் வரும்போதும் டிகாஸ் ஏறவோ இறங்கவோதான் சொல்லும். இடம் வலம் சொல்லாது.

அதே பயிற்சி விமானி: தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்லி, டிகாஸ் ஏறச் சொன்னால்?

ஏறுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியில் ஊபர்லிங்கன் வானில் நடந்தது இதுதான். ரஷ்ய டியு-154 விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதன் டிகாஸ் "க்ளைம்ப்" என்றது. எதிரே வந்த சரக்கு விமானம் போயிங் 757. அதன் டிகாஸ் இறங்கச் சொன்னது, அது இறங்கியது. இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சரியாகத்தான் பிரித்திருந்தன. டியு-154 கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டும் மோதி 71 பேர் போனார்கள். அதில் பெரும்பாலோர் விடுமுறைக்கு ஸ்பெயின் கிளம்பிய பிள்ளைகள். கருவி என்ன சொன்னது என்பது கட்டுப்பாட்டாளரின் திரையில் தெரியவில்லை. அதனால் டிகாஸ் சொன்னதைச் செய்துகொண்டே "டிகாஸ் ஆர்ஏ" என்று, அதாவது டிகாஸ் கட்டளை வந்திருக்கிறது என்று, ரேடியோவில் சொல்லிவிடுங்கள்.

சிறு விமானம் ஓட்டுபவர்: டேப்லெட்டில் ஏடிஎஸ்-பி, அதாவது மற்ற விமானங்கள் அறிவிக்கும் இடத்தை, பார்க்கிறேன். அது போதாதா?

நல்ல உதவிதான். ஆனால் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் விமானம்தான் அதில் வரும். ட்ரான்ஸ்பாண்டரே இல்லாத கிளைடர் பக்கத்தில் போனாலும் திரை காலியாகத்தான் இருக்கும். காக்பிட் ஜன்னல் கண்ணாடியில் நகர்ந்து போகிற புள்ளியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஒரே இடத்தில் அசையாமல் நின்று மெல்லப் பெரிதாகிறதே, அப்புறம் திடீரென்று ஊதிப் பெருக்கிறதே, அதைத் தேடுங்கள். மோத வருவது அதுதான்.