கேட்க ஓர் ஆள்

கேள்வி: அக்கா, நான் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. அம்மா கடலில் பாசி எடுக்கப் போவார். பள்ளிக்கூட நாளிலிருந்தே கதை எழுதுகிறேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் பதிலே இல்லை. 'தினமும் எழுதினால்தான் எழுத்தாளர்' என்கிறார்கள். வேலை முடிந்து வந்தால் பேனா பிடிக்க விரல் மடங்குவதில்லை. விட்டுவிடலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: விடாதே தங்கச்சி. தினமும் எழுதச் சொல்கிறவர்கள் உன் விரலைப் பார்த்ததில்லை. உன் அம்மாவைக் கேட்டுப் பார். பாசி எடுக்கிறவர்கள் தினமுமா கடலில் இறங்குகிறார்கள்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாள் பார்த்துப் போகிறார்கள். மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். உனக்கும் அப்படிச் சில நாட்கள் போதும். கம்பெனி லீவு அன்று ஒரு மணி நேரம் உட்கார். மற்ற நாளில், காதில் விழுந்த நல்ல பேச்சு ஏதாவது இருந்தால் போனில் சொல்லிப் பதிந்து வை.

பதில் வராததற்கு மனம் உடையாதே. பத்திரிகை அலுவலகங்களில் வருகிற கதைகளைப் படித்துப் பார்க்க ஆள் குறைவு, மாதக்கணக்கில் கிடக்கும். நகலை வைத்துக்கொண்டு வேறு இடத்துக்கு அனுப்பு.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். உன் கதையை யாராவது கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! கீழக்கரை உனக்குப் பக்கம்தான். அந்த ஊர் வள்ளல் சீதக்காதி ஆதரித்ததால்தான் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார். நடுவில் வள்ளல் இறந்துபோக, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். அவ்வளவு பெரிய புலவருக்கே 'நீங்கள் பாடுங்கள், நான் இருக்கிறேன்' என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. உனக்கு வேண்டாமா?

நான் பாம்பனில் டீச்சராக இருந்தபோது, என் கதைகளை முதலில் கேட்டவர் சத்துணவு சமைத்த அம்மா. அரிசி களைந்துகொண்டே கேட்பார். எந்த இடத்தில் அவர் கை நிற்கிறதோ, அந்த இடத்தைத் தொடமாட்டேன். கை நிற்காத பக்கங்களைத் திரும்ப எழுதுவேன். உன் எதிரே உட்கார்ந்து நண்டு உடைக்கிறவளிடம் சொல்லிப் பார். 'அப்புறம்?' என்று அவள் கேட்டால் வீட்டுக்குப் போய் அதை எழுது. எழுத்துப்பிழை பார்க்கிறவர்களிடம் கடைசியில் கொடுக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். பாசி எடுக்கும்போது அம்மா விரலில் துணி சுற்றிக்கொள்வாரே, அது எந்தச் சேலையில் கிழித்தது? யார் கிழித்துக் கொடுப்பது? எனக்கு அதைப் படிக்க வேண்டும். நீதான் எழுத முடியும்.

கேள்வி: அறுபதைத் தாண்டிய ஓடாவி நான், படகு கட்டும் தச்சன். இன்னும் வேலை செய்கிறேன். படகு கட்டிய கதைகளை எழுத ஆசை. இலக்கணம் தெரியாதே?
- வாசகர், தொண்டி

பதில்: பேசுகிற மாதிரியே எழுதுங்க அண்ணே. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் பழுது பார்க்கக் கரையேறி நிற்கும், உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தடை நீங்கியதும் உட்காருங்க. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்க. அந்தக் காற்று நீங்கள் கட்டிய படகை என்ன பாடு படுத்தியது என்று சொல்லுங்க. கண் மங்கினால் பேரப்பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். வாடைக்காற்றுப் பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்க, மற்ற மூன்றுக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.