புளி போட்டுத் தேய்த்த நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர். திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் பாட்டி ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் வடை, பாயசத்தோடு ஒரு சுருட்டும் வைத்துப் படைப்பார். அன்று அவருடைய மெடலையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் தேய்ப்பார். இப்போது அம்மா செய்கிறார். "உலகமே நவம்பர் 11 அன்று வீரர்களை நினைக்கிறது, நாமும் அன்றே கும்பிடலாமே" என்கிறான் என் மகன். என் தம்பியோ, "வெள்ளைக்காரனிடம் கூலிக்குப் போனவர், அதுவும் துப்பாக்கி பிடிக்காமல் பாதை போட்டவர், அவரைக் கும்பிடுவானேன்?" என்கிறான். தங்கள் கருத்து?

இ., தண்டையார்பேட்டை

அன்புள்ள இ.,

தம்பியிடமிருந்து தொடங்குகிறேன். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பான் குண்டு விழுந்ததும் சென்னை பாதி காலியானது. ராயபுரத்திலிருந்த என் பாட்டி வீட்டார் அம்மிக்கல்லைக்கூட விடாமல் வண்டியிலேற்றிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போனார்கள். (அம்மியை யார் திருடப்போகிறார்கள் என்று தாத்தா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.) சென்ட்ரல் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையில், கூண்டு உடைந்தால் ஆபத்தென்று புலி, சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள். அந்த நாளில் ஒரு இளைஞனுக்கு மூன்று வேளைச் சோறும் வீட்டுக்கு மணியார்டரும் கிடைத்தது பட்டாளத்தில். யாருக்காகப் போகிறாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. எண்பது ஆண்டு கழித்து உங்கள் தம்பி கேட்கிறார்.

கூலிக்குத்தான் போனார். உங்கள் தம்பியும் என்னைப்போலச் சம்பளத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார் என்று நினைக்கிறேன்.

பாதை போடுவதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பர்மா எல்லையில் மழைக்காலத்தில் பாதைதான் போர். மண் சரிந்தால் அரிசியும் போகாது, குண்டும் போகாது, காயம்பட்டவனும் திரும்ப முடியாது. இம்பாலிலிருந்து எல்லைக்குப் போகும் சாலையின் கடைசி ஊர் மோரே. பிற்காலத்தில் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் அங்கே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். அவர்களைப் போலவே வந்தவர்கள்தான் வியாசர்பாடியிலும் பீச் ஸ்டேஷன் எதிரில், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளிலும் இருக்கிறார்கள். அந்த வீடுகள் சிலவற்றில் நேதாஜி படையில் இருந்த தாத்தாவின் படம் தொங்கும். உங்கள் பாட்டியின் அண்ணனும் அந்தத் தாத்தாவும் எதிரெதிர்ப் பக்கம். நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன், எந்த வீட்டிலும் மற்றவரைத் துரோகி என்று சொல்லிக் கேட்டதில்லை.

மகனுக்கு: நவம்பர் 11 என்பது 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். உங்கள் பெரியவரின் போர் முடிய 1945 ஆகஸ்ட் ஆனது. நம் நாட்டில் டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல். பள்ளியில் சட்டையில் குத்திய அந்தச் சின்னக் கொடிக்கு நான் கொடுத்த காசு எதற்கென்று அன்று எனக்குத் தெரியாது. பையன் எந்த நாளில் வேண்டுமானாலும் விளக்கேற்றட்டும். சுருட்டு மட்டும் ஆடி அமாவாசைக்கே இருக்கட்டும். அவருக்கு அந்த நாள்தான் பழக்கம்.

பெயரைத் தேட வேண்டும். பர்மாவில் யாங்கூனுக்கு (அன்றைய ரங்கூன்) வடக்கே தௌக்கியான் என்ற இடத்தில், கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் இந்தியர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். ஆனால் நம் பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. படை எண் வேண்டும்.

அதற்குத்தான் மெடல். ஆறு முனை நட்சத்திரமா? நாடா மிஞ்சியிருந்தால், நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் நீலம், நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு இருக்கிறதா? அப்படியானால் அது பர்மா ஸ்டார். இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் பின்பக்கம் எண்ணும் பெயரும் பொறித்திருப்பது உண்டு. எத்தனையோ ஆடி அமாவாசைப் புளியில் எழுத்து மழுங்கியிருக்கலாம். மெடலைக் கவிழ்த்துவைத்து, மெல்லிய தாளை மேலே போட்டு, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கச் சொல்லுங்கள் பையனை. நாலணாவில் நாம் செய்து விளையாடியதுதான். எண் விழுந்தால் எனக்கு எழுதுங்கள்.

அம்மாவிடம், இந்த ஆண்டு விளக்குக்கு மட்டும் புளி போதும் என்று சொல்லிவிடுங்கள்.